உமிக்கு விலை வந்த கதை

தொழிற்சாலை என்றாலே புகையும் சாக்கடையும்தான் கண்முன் வரும். பள்ளிக்கூடத்தில் 'சுற்றுச்சூழல் மாசு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், "தொழிற்சாலைகள் பெருகியதால்..." என்றுதான் எல்லோருடைய முதல் வரியும் ஆரம்பிக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கெடுத்த தொழிலே, கொஞ்சம் புது நுட்பத்தோடு, கெடுதலைக் குறைக்கவும் முடியுமா என்று கேட்டால் உடனே ஜெர்மனி, ஜப்பான் என்று உதாரணம் தேடப் போய்விடுகிறோம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஊருக்கு ஊர் நிற்கிறதே ரைஸ் மில், அதன் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் போதும். பெரிய தொழிற்சாலை என்று யாரும் மதிக்காத அந்த ஆலைக்குள் சுமார் 60, 70 வருடங்களாக ஒரு சோதனை நடந்துகொண்டே இருக்கிறது. பாதி ஜெயித்த சோதனை அது. எந்தப் பாதி ஜெயித்தது, எந்தப் பாதி நின்றுவிட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் உரலும் உலக்கையும். காவிரிக் கரையில் எத்தனையோ நூறு வருடங்களாக நெல் இப்படித்தான் அரிசியானது. பெண்களின் தோள்பட்டைதான் எஞ்சின். உமி எருக்குழிக்கும் அடுப்புக்கும், தவிடு மாட்டுக்கும் போகும். எதுவும் வீணாகாது, எதுவும் சீக்கிரமும் ஆகாது!

அதை மாற்றியது ஹல்லர் என்ற இரும்பு மிஷின். இதன் பூர்வீகம் வேடிக்கையானது. பிரேசில் நாட்டில் எங்கல்பெர்க் என்பவர் 1880-களில் காப்பிக்கொட்டையின் தோலை உரிக்க ஒரு மிஷின் செய்தார். அது அரிசிக்கும் சரிப்பட்டு வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் 1888-ல் கம்பெனி தொடங்கி, உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். நெல் விளையும் ஆசிய நாடுகள் எல்லாவற்றுக்கும் அந்த மிஷினோ அதன் நகலோ போய்ச் சேர்ந்தது. நம்ம ஊரில் இன்றும் 'மில்லுல அரைச்சிட்டு வா' என்று சொல்லும்போது பழைய ஆட்களின் மனதில் இருப்பது இந்த ஹல்லர்தான்.

ஹல்லர் வேலை செய்யும் விதம் சுலபம். வரிவரியாகப் புடைத்த ஒரு இரும்பு உருளை, துளைகள் போட்ட கூட்டுக்குள் வேகமாகச் சுற்றும். நெல் அதற்குள் நெருக்கி உரசுப்பட்டு, உமியும் போகும், தவிடும் போகும். கூடவே அரிசியும் உடையும். உமித்தூள், தவிடு, நொய் எல்லாம் ஒரே வழியாகக் கலந்து கீழே கொட்டும். 100 கிலோ நெல் போட்டால் சுமார் 62 முதல் 65 கிலோ அரிசி. மீதி ஒரு கலவை. மாட்டுக்கு வைத்தால் உமி தொண்டையில் குத்தும், அடுப்பில் போட்டால் தவிட்டில் இருக்கும் எண்ணெயும் சத்தும் வீணாய்ப் போகும். ஒன்றோடொன்று கலந்ததாலேயே இரண்டும் குப்பை ஆகிவிட்டது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மில்லை எதிர்த்து முதலில் சத்தமாகப் பேசியவர்களில் ஒருவர் தஞ்சாவூர்க்காரர்தான். ஜே.சி. குமரப்பா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தியவாதி என்று ஒரு வரியில் பாடப்புத்தகம் முடித்துவிடும். ஆனால் அவர் அடிப்படையில் கணக்குப்பிள்ளை! லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். அப்புறம் அமெரிக்கா போய் வணிக நிர்வாகம் படித்தார். எங்கே தெரியுமா? அதே சிரக்யூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில். ஹல்லர் மிஷின் கப்பலேறிய ஊரிலேயே, அந்த மிஷினைப் பின்னாளில் கேள்வி கேட்கப்போகிறவர் உட்கார்ந்து வணிகம் படித்திருக்கிறார். பி.காம். மாணவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

1934-ல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. கைக்குத்தல் அரிசி அந்தச் சங்கத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. அவருடைய வாதத்தை ஒரு கணக்குப்பிள்ளையின் வாதமாகப் பார்த்தால்தான் புரியும். மில் முதலாளியின் பேரேட்டில் கூலி மிச்சம், நேரம் மிச்சம் என்று லாபம் எழுதியிருக்கும். ஆனால் உலக்கை பிடித்த பெண்ணுக்குப் போன கூலி, தவிட்டோடு போன சத்து, மண்ணுக்குத் திரும்பாமல் போன உமி ஆகியவை அந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கணக்கில் எழுதாத செலவை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். 1945-ல் வெளிவந்த அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' என்ற கருத்தும் இதன் நீட்சிதான். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே பிரபலமாகாத காலத்தில் ஒரு ஆடிட்டர் இதைச் சொன்னார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1958-ல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் புது மில் கட்ட முடியாது. கைக்குத்தல் தொழிலைக் காப்பாற்றுவது அதன் ஒரு நோக்கம். காப்பாற்ற முடிந்ததா? இல்லை. வீட்டில் மூன்று மணி நேரம் குத்துவதை மில் பத்து நிமிடத்தில் முடிக்கும்போது எந்தச் சட்டம் என்ன செய்யும். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று காலமானார். அவர் கேட்ட கேள்வி மட்டும் பாக்கி நின்றது. அதற்குப் பதில் சொல்ல வந்தவர்கள் மிஷினை நிறுத்தச் சொல்லவில்லை, மாற்றச் சொன்னார்கள்.

1960-களின் தஞ்சாவூரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூனில் தண்ணீர் திறந்தால் குறுவை, அதன் பின்னால் தாளடி என்று இரண்டு போகம் எடுக்கும் நிலம் பெருகிவிட்டது. 1960-ல் 'பேக்கேஜ் புரோகிராம்' என்று சொல்லப்பட்ட தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சை ஜில்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். உரம், கடன், விதை எல்லாம் சேர்ந்து வந்தன. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் வந்து, குறுவை வயல்களில் தீ மாதிரிப் பரவியது. மகசூல் கூடியது. எல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் குறுவை அறுக்கும் நேரம் புரட்டாசி, ஐப்பசி. மழைக்காலம். சம்பாவை வெயிலில் காயப்போட்ட களம், குறுவைக்குத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிடும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், முளைவிடும், அரிசி கறுக்கும். விளைச்சலைக் கூட்டிய தொழில்நுட்பம், காயவைக்கும் பிரச்சினையைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. ஒரு புது நுட்பம் வந்தால் இன்னொன்று பின்னாலேயே வந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் டெல்டாவில் கிடையாது.

அதே சமயத்தில் நாட்டில் 7 இடங்களில் வெளிநாட்டு இயந்திரங்களோடு நவீன அரிசி ஆலைகள் அமைக்கப்பட்டன. அதில் ஒன்று திருவாரூரில், தஞ்சை கூட்டுறவு விற்பனை இணையத்தின் கீழ். அந்த ஆலையின் வளாகத்துக்குள்ளேயே 1967-ல் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பமானது. அதன் பின்னால் இருந்தவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். மைசூரில் 1950-ல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர், 1960-ல் பத்மஸ்ரீ பெற்றவர். எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்பவுடர் செய்யும் முறை அவர் காலத்தில் அந்த நிலையத்தில்தான் உருவானது. அவ்வளவு பெரிய ஆள், ஓய்வு பெற்ற பிறகு திருவாரூர் ரைஸ் மில்லுக்கு வந்து உட்கார்ந்தார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஆய்வுக்கூடம் 1972-ல் மத்திய அரசின் 'நெல் பதன்செய் ஆராய்ச்சி மையம்' ஆகி, பின்னர் தஞ்சாவூருக்கு இடம் மாறி, பெயரும் பலமுறை மாறியது. 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில், நிஃப்டெம் என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அதுவாக தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது.

நவீன ஆலையில் அப்படி என்ன நவீனம்? முதலில் ரப்பர் ரோலர். இரும்பால் உரசுவதற்குப் பதிலாக, வேறுவேறு வேகத்தில் சுற்றும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே நெல்லை விடுவது. உமி மட்டும் சட்டையைக் கழற்றியது போல வந்துவிடும். அரிசி உடைவது குறையும். அப்புறம் தனி மிஷினில் தவிட்டை எடுப்பார்கள். 100 கிலோ நெல்லுக்கு 67, 68 கிலோ அரிசி வரும். அதாவது ஹல்லரைவிட சுமார் 3 கிலோ கூடுதல்.

3 கிலோதானே என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. 3 கிலோ அரிசி என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ நெல். அப்படியானால் ஒவ்வொரு 100 கிலோ அரவையிலும் 11,000 லிட்டர் தண்ணீருக்கு ஈடான விளைச்சலை ஹல்லர் உடைத்துத் தவிட்டோடு தள்ளிக்கொண்டிருந்தது! காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் கோர்ட்டுக்கும் டிரிப்யூனலுக்கும் நடந்த அதே வருடங்களில், இந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் மில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயலில் சேமிப்பதை எல்லோரும் பேசுகிறார்கள். மில்லில் சேமிப்பதும் அதே தண்ணீர்தான்.

இரண்டாவது லாபம் இன்னும் முக்கியம். உமி தனி, தவிடு தனி. கலந்து கிடந்தபோது குப்பை. பிரிந்ததும் இரண்டுமே சரக்கு! சுத்தமான தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். அதிலும் புழுங்கல் அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம், சீக்கிரம் கெடவும் கெடாது, ஏனென்றால் அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் என்சைம் செத்துவிடும். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'உபபொருள்' என்று ஒரு பாடம் வரும். பரீட்சைக்கு முதல் நாள் படித்துவிட்டு மறந்துபோகும் பாடம். டெல்டா அரிசி ஆலைகளின் வரலாறே அந்த ஒரு பாடம்தான். முன்பு சொன்ன சட்டத்தையும், கைக்குத்தலைக் காக்க வந்த அதே சட்டத்தையே, பின்னால் திருத்தி, ஹல்லர்களை விட்டு ரப்பர் ரோலருக்கு மாறச் சொல்லிப் பயன்படுத்தினார்கள். 1997-ல் அந்தச் சட்டமே ரத்தானது. அதற்குள் சந்தை தன் வேலையை ஆரம்பித்திருந்தது.

அடுத்தது அவியல். டெல்டா சாப்பிடுவது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைப்பது. இந்தப் பழக்கத்தைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். நூறு வருடங்களுக்கு முன் மலேயாவில் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகளை பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போனபோது, புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை என்று அங்கிருந்த ஆங்கிலேய டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குவதுதான் காரணம்.

ஆனால் பழைய முறையில் சிமெண்ட் தொட்டியில் இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் நெல் ஊறும். ஊறும்போதே புளிக்கும். அந்த வாடை மில் இருக்கும் தெருவுக்குச் சொந்தமான வாடை. தொட்டியைத் திறந்துவிட்டால் மஞ்சளும் பழுப்புமாய் ஒரு தண்ணீர், பக்கத்து வாய்க்காலுக்குப் போகும். மைசூர் நிலையம் இதற்கு வெந்நீர் ஊறல் முறையைக் கொண்டுவந்தது. 65-70 டிகிரி சூட்டில் தண்ணீர் இருந்தால் மூன்று நாள் வேலை மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடியும். புளிக்க நேரமே இல்லை, வாடையும் இல்லை. திருவாரூர் மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. 85-90 டிகிரியில் 40 நிமிடம் மட்டும் ஊறவைத்து, அழுத்தத்தோடு 18 நிமிடம் ஆவி கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். என்ன, அரிசி கொஞ்சம் மஞ்சளடிக்கும். நம்ம ஜனங்கள் வெள்ளையாக இருப்பதைத்தான் நல்லது என்று நம்புகிறவர்கள் ஆயிற்றே! நல்ல தொழில்நுட்பம் கலரால் தோற்கும் என்பதை எந்த விஞ்ஞானியும் பரிசோதனைக் குழாயில் கண்டுபிடிக்க முடியாது.

வெந்நீருக்கும் ஆவிக்கும் ட்ரையருக்கும் சூடு வேண்டும். சூட்டுக்கு எண்ணெய் எரிப்பதா? 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, உலகச் சந்தையில் விலை சில மாதங்களிலேயே நாலு மடங்கானது. அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் மில்லின் பின்புறம் மலைபோல் குவிந்து கிடந்த உமி மேல் நன்றாக விழுந்தது. திருவாரூர் மையம் கையிலெடுத்த வேலைகளில் உமி உலையும் ஒன்று.

உமியின் கணக்கு மிக எளிது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு டன் நெல்லுக்கு 200 கிலோ. ஒரு கிலோ உமி எரிந்தால் 3,000 முதல் 3,500 கிலோ கலோரி சூடு. ஒரு டன் நெல்லை அவித்துக் காயவைக்கத் தேவையான சூட்டை அந்த நெல் போட்டிருந்த சட்டையே தந்துவிடும்! உமி எரிப்பது டெல்டாவுக்குப் புதிது அல்ல, உமி அடுப்பு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பழைய அடுப்பில் பாதி எரியாமல் புகையாகப் போகும். காற்று சரியாகப் புகும்படி படிப்படியாகத் தட்டி வைத்த உலையும், பின்னால் வந்த, காற்றில் மிதக்கவிட்டே எரிக்கும் பாய்லர்களும்தான் உமியை முழு எரிபொருள் ஆக்கின. அருகிலேயே திருச்சியில் பாய்லர் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் இருந்தது டெல்டாவின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நெல் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் உமி எரியும்போது திருப்பித் தருகிறது. அதனால் பூமிக்கடியில் புதைந்து கிடந்த நிலக்கரியையோ எண்ணெயையோ எரிப்பது போல் இது புதுச்சுமை ஏற்றுவதில்லை.

உமிக்கு விலை வந்தது. செங்கல் சூளை வாங்கியது, கோழிப்பண்ணை வாங்கியது, வேறு தொழிற்சாலைகளின் பாய்லர்கள் வாங்கின. பீகாரில் 2007-ல் தொடங்கிய 'ஹஸ்க் பவர்' என்ற கம்பெனி, உமியை வாயுவாக்கி, கரண்ட் கம்பியே பார்க்காத கிராமங்களுக்கு விளக்கு போட்டது. கியோட்டோ ஒப்பந்தம் 2005-ல் அமலுக்கு வந்த பிறகு இந்தியாவின் பல உமி மின்திட்டங்கள் கார்பன் கிரெடிட்டும் விற்றன. விலை ஏறியதில் ஒரு பக்க நஷ்டமும் உண்டு. சும்மா கிடைத்த உமியை நம்பி அடுப்பெரித்த ஏழை வீட்டுக்கு அது இனி சும்மா கிடைக்காது. குமரப்பா இருந்திருந்தால் இதைப் பேரேட்டில் எழுதச் சொல்லியிருப்பார்.

சரி, எரிந்த பிறகு? உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு நாளைக்கு 100 டன் நெல் அரைக்கும் ஆலையில் 20 டன் உமி, அதில் 4 டன் சாம்பல். காற்றடித்தால் துணியெல்லாம் கறுப்பு, கண்ணெல்லாம் எரிச்சல். மில்லுக்குப் பக்கத்தில் மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டவர்களைக் கேட்டால் தெரியும். இந்தச் சாம்பலில் 90 சதவீதம் வரை சிலிக்கா. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா என்ற இந்தியப் பேராசிரியர் 1970-களிலேயே இதைச் சிமெண்ட்டோடு கலந்தால் கான்கிரீட் உறுதியாகிறது என்று காட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை. சுமார் 700 டிகிரிக்குள் எரிந்த சாம்பல்தான் சிமெண்ட்டுக்கு நல்லது. அதற்கு மேல் சூடேறினால் சிலிக்கா படிகமாகிவிடும். சிமெண்ட்டுக்கும் ஆகாது, மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கேடு. ஒரே உமி, ஒரே உலை. சூட்டைக் கவனித்தால் சரக்கு, கவனிக்காவிட்டால் விஷம். புகைபோக்கியில் சாம்பல் பிடிக்கும் கருவி வைப்பது 1981-ன் காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமாகிக்கொண்டே வந்தது. இரும்பு ஆலைகள் உருக்கின் சூடு குறையாமல் மேலே தூவ உமிச்சாம்பல் வாங்குகின்றன. ஆக சாம்பலுக்கும் அரை விலை வந்தாகிவிட்டது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். உடையாத அரிசி, தவிடு, உமி, கொஞ்சம் சாம்பல். எதெல்லாம் சுத்தமானது? எதற்கு வாங்க ஆள் வந்ததோ அது. யாரும் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுததால் மில் முதலாளி உமி பாய்லர் வாங்கவில்லை. எண்ணெய் செலவு மிச்சமானதால் வாங்கினார். அதில் தப்பே இல்லை. ஆனால் வாங்க ஆளே இல்லாத ஒரு கழிவு இருக்கிறதே, அதன் கதை என்ன?

அதுதான் ஊறல் தண்ணீர். ஒரு கிலோ நெல் ஊற ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகும். 100 டன் ஆலை என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்த அந்தத் தண்ணீர் விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்க்காலில் விட்டால் கிருமிகள் அதைத் தின்று பெருகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். டெல்டாவில் ஒரு ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசனம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1974-ல் நீர்ச் சட்டம் வந்தது, 1982 பிப்ரவரியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. அரிசி ஆலையும் அதன் அனுமதி வாங்கித்தான் ஓட வேண்டும்.

இதற்கு நுட்பம் இல்லாமலும் இல்லை. காற்றுப் புகாத தொட்டியில் இந்தத் தண்ணீரை மேல்நோக்கிச் செலுத்தினால், கிருமிகள் கழிவைத் தின்று எரிவாயு தரும். சாண எரிவாயு மாதிரிதான். தெளிந்த தண்ணீரை இன்னும் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடலாம், கொஞ்சம் திரும்ப ஊறலுக்கும் எடுக்கலாம். பெரிய ஆலைகள் செய்கின்றன. சின்ன ஆலைக்கு அந்தத் தொட்டியின் செலவு, வரும் எரிவாயுவின் மதிப்பைவிட அதிகம். அதனால் இது லாபத்துக்காக யாரும் செய்யப்போவதில்லை, அதிகாரி வந்து பார்ப்பார் என்ற பயத்தில்தான் செய்வார்கள். வராத நாளில்? உமிக்கு விலை வாங்கிக் கொடுத்த அதே சந்தை, தண்ணீருக்கு வாய்மூடி நிற்கிறது. சட்டமும் கடனும் சேர்ந்து வர வேண்டிய இடம் இது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்து சின்ன ஆலைகளுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது திருப்பூர் சாயப்பட்டறைகளில் பழகிப்போன யோசனைதான். அங்கே அது சுலபமாக நடக்கவில்லை, 2011-ல் ஐகோர்ட் ஆலைகளையே மூடச் சொன்ன பிறகுதான் வேகம் பிடித்தது.

டெல்டாவுக்கு இந்தக் கேள்வி இப்போது முன்னைவிட முக்கியம். 2020-ல் தமிழக அரசு இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டது. உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிதாக எண்ணெய் எரிவாயு தோண்டுவது எல்லாம் இங்கே கூடாது. பின்னர் திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே வேளாண் தொழில் பெருந்தடம் என்று அறிவித்தார்கள். அதாவது படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு உள்ளூரில் கிடைக்கப்போகும் தொழில் வேலை பெரும்பாலும் நெல், தவிடு, உமி, தேங்காய் இவற்றைச் சுற்றித்தான். அந்த ஆலைகளின் தண்ணீர் எங்கே போகும் என்பது இப்போதே எழுதப்பட வேண்டிய கணக்கு.

கடைசியாக, இந்தக் கதை ஆரம்பித்த இடத்துக்கே வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே ஒன்று இன்னும் முடியவில்லை. ஈர நெல். திருவாரூர் ஆய்வுக்கூடத்தின் முதல் வேலைகளில் ஒன்று, மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காப்பாற்றுவது. கெடாமல் தாக்குப்பிடிக்க ஈர நெல்லில் சாப்பாட்டு உப்பைக் கலந்து வைக்கும் முறைகூட அங்கே ஆராயப்பட்டது. ட்ரையர் வந்தது, உமி உலை வந்தது. எல்லாம் மில்லுக்குள் வந்தது. மில்லுக்கு வெளியே?

இப்போது அறுவடை மிஷின் இரண்டே நாளில் ஊரையே அறுத்துத் தள்ளிவிடுகிறது. நெல் மொத்தமும் ஒரே நேரத்தில், ஈரத்தோடு, 1972-ல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலைய வாசலில் வந்து குவிகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். தார்ச்சாலையில் கொட்டிக் கிளறி, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் திறந்து, பத்து நாள் காத்துக் கிடந்து, கடைசியில் முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டும் விவசாயியின் போட்டோ ஏதாவது ஒரு ஐப்பசியில் பேப்பரில் வராமல் இருப்பதில்லை. அளவைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், சில சதவீதம் தளர்த்துவார்கள் அல்லது மாட்டார்கள். கொள்முதல் நிலையத்துக்கே நடமாடும் ட்ரையர் கொண்டுவரும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. வண்டி மேல் ஏற்றிய ட்ரையர் என்பது ராக்கெட் சமாச்சாரம் ஒன்றும் இல்லை.

பிரச்சினை கணக்கில் இருக்கிறது. முளைவிட்ட ஒரு மூட்டை நெல்லோடு அது குடித்த தண்ணீரும், போட்ட உரமும், உழுத டீசலும் சேர்ந்தே அழுகுகின்றன. ஆனால் அந்த நஷ்டம் மில்லின் பேரேட்டில் வராது, காய்ந்த நெல்தானே அங்கே போகிறது. வாணிபக் கழகத்தின் பேரேட்டிலும் வராது, எடுக்காத நெல் அவர்கள் சரக்கு அல்ல. முழுக்க முழுக்க விவசாயி வீட்டு நோட்டில்தான் வரும். வருடத்தில் இருபது, முப்பது நாள் மட்டுமே ஓடப்போகும் ஒரு ட்ரையரை இரண்டு ஏக்கர்காரர் எந்தக் காலத்திலும் வாங்கப்போவதில்லை. ட்ரையரை வாங்கக்கூடியவர்களுக்கு நஷ்டம் இல்லை, நஷ்டப்படுகிறவருக்கு வாங்க வசதி இல்லை. கொள்முதல் விலையிலேயே காயவைக்கும் கூலியையும் சேர்த்து, 20 சதவீத ஈரத்தோடு வரும் நெல்லை வாசலிலேயே எடுத்து, ஐந்தாறு நிலையங்களுக்கு ஒரு உமி ட்ரையர் என்று வாணிபக் கழகமே ஓட்டினால் அந்த நஷ்டம் அதன் பேரேட்டுக்கு வந்துவிடும். எரிக்க உமி அதன் சொந்த ஆலைகளிலேயே கிடக்கிறது.